பன்னிரண்டு படகுக்கும் ஆபத்து

"இன்னா மாலா, என் போட்டு கரையில நிக்குது. நீ எழுதிக் குடுத்த ஆப்ல அது ஆபத்துல இருக்குன்னு காட்டுதே!" வாசலில் நின்று கேட்டான் இளவழகன்.

மாலா லேப்டாப்பைத் திறந்தாள்.

"என் தப்புதான்ணா. படகுக்குப் படகு தனியா வைக்க வேண்டிய ஆபத்துக் குறியை கோட்ல ஸ்டேட்டிக்னு எழுதிட்டேன். பன்னெண்டுக்கும் பொதுவாயிடுச்சு. ஒருத்தர் ஆபத்து பட்டனை அமுக்கினாலும் எல்லாப் படகும் ஆபத்துன்னுதான் காட்டும். யாருக்கோ கை தவறிப் பட்டிருக்கும். இப்பவே மாத்திடறேன்."

"கரையில எண்ணிப் பாத்துட்டோம்மா. பதினோரு போட்டு இருக்கு. உன் நைனாவோடதுதான் இன்னும் வரல."

மாலாவின் விரல்கள் நின்றுவிட்டன.

கரையில் பதினோரு எஞ்சின்களும் ஓடத் தொடங்கியிருந்தன.

"மாத்தாத. அவரு வர்ற வரைக்கும் அது சரியாத்தான் காட்டுது" என்றபடி இளவழகன் படகை நோக்கி ஓடினான்.