தலைவி மேல் ஒரு மனு

பெஞ்சில் வார்டு மெம்பர் பெருமாள்சாமி, தரையில் காலிக் குடங்களோடு அங்காளம்மாளும் ஊர்ப் பெண்களும், எதிரே தனியாக நாற்காலியில் பஞ்சாயத்துத் தலைவி கௌசல்யா.

"பூட்டுன தண்ணித் தொட்டியத் தொறக்குறியா, ஒன்னயத் தூக்கச் சொல்லி கலெக்டருக்கு மனு போடவா?" என்றார் பெருமாள்சாமி.

"தோல் பதனிடுற ஷாப்புக் கழிவு கலந்திருக்கு மாமா. மூணு புள்ளைக ஆஸ்பத்திரியில கெடக்கு."

"அது வெயிலுக்கு!"

"அம்புட்டு தைரியமிருந்தா மனுவையும் நீயே எழுது தாயி," என்று சிரித்தாள் அங்காளம்மாள்.

கௌசல்யா எழுதினாள். கடைசி வரியை உரக்க வாசித்தாள்: "தலைவி சொல்வது பொய். உடனே வந்து தண்ணீரைச் சோதித்து, அவரை நீக்கவும்."

"அப்படிப் போடு!" ஊரே வரிசையில் நின்று கையெழுத்துப் போட்டது.

சோதிக்கச் சொல்லி அவள் தனியாக எழுதிய ஏழு கடிதங்களுக்கு யாரும் வரவில்லை. ஊரே கேட்டால் வந்துதானே ஆகவேண்டும்?

உறையை ஒட்டி நீட்டினாள். பெருமாள்சாமியே வாங்கிக்கொண்டு வண்டியைக் கிளப்பினார்.