அறுபதைத் தாண்டினால்

“எழுபதாயிரம் டாலர். அறுபது மைலைத் தாண்டி நடுங்கினா ஒரு சென்ட் கூடக் கிடையாது” என்று சொல்லிவிட்டு, க்ராஃப்ட் ஓட்டிப் பார்க்கக் காரைக் கிளப்பிக்கொண்டு போனார். விச்சிட்டாவில் படகு விற்கிறவர்; பேரத்தில் அவரைக் கவிழ்க்க முடியாது.

அந்தக் காருக்கு அடியில் கழிந்த பதினோரு வருடத்துச் சனி ஞாயிறுகளுக்கு எழுபதாயிரம் மலிவா, கிராக்கியா என்று வெர்லினுக்குச் சொல்லத் தெரியவில்லை. ஆனால் அவர் முகத்தில் கவலை இல்லை. செய்ய வேண்டியதை நேற்றே செய்து வைத்திருந்தார்.

கோழிக்கூடாகக் கிடந்த 1940-ஆம் வருடத்துக் கார். அதற்குள் புது எஞ்சினை இறக்கியது பெரிய வேலையில்லை. சாய்வுதான் உயிரை எடுத்தது. கியர் பாக்ஸின் வால் எத்தனை டிகிரி தாழ்கிறதோ, பின் அச்சின் மூக்கு அத்தனை டிகிரி நிமிர வேண்டும். அப்போதுதான் நடுவில் சுழலும் ஷாஃப்டுக்கு ஒரு முனை கொடுக்கும் உதறலை மறுமுனை வாங்கிக்கொள்ளும். முன்னால் வெர்லின் படுத்துத் தூக்க, பின்னால் நடீன் படுத்து அளக்க, கணவனும் மனைவியும் ஒரு கோடைக்காலம் முழுக்கச் சண்டை போட்டு நேராக்கிய கணக்கு அது.

அதைத்தான் நேற்று நடீன் தேவாலயத்துக்குப் போயிருந்த நேரத்தில் வெர்லின் கெடுத்தார். கியர் பாக்ஸுக்கு அடியில் இருந்த தகடுகளை உருவி, வாலை இன்னும் தாழ்த்திவிட்டார்.

வேறு வழி இல்லை. பழைய கார் கண்காட்சியில் க்ராஃப்ட் விலை கேட்டபோது, “கொடுத்துடலாமே” என்று முதலில் சொன்னவள் நடீன். அரிசோனாவில் தங்கை வீட்டுப் பக்கம் போக அவளுக்கு ஆசை போலிருக்கிறது என்று இவரும் கையைக் குலுக்கிவிட்டார். எங்கள் பக்கத்தில் கொடுத்த கையைத் திரும்ப வாங்க முடியாது. கார்தான் திரும்பி வர வேண்டும்.

நடீன் காபியோடு வந்து பக்கத்தில் நின்றாள். விரல் முட்டியில் புதுப் பிளாஸ்திரி.

“கையில என்ன?”

“நீ காலையில டோனட் வாங்கப் போயிருந்தப்ப இடிச்சுக்கிட்டேன். ரோட்டைப் பாரு.”

“நடுங்கும்னு நெனைக்கிறியா?”

“நாம பண்ணின வண்டி. ஏன் நடுங்கப் போகுது?”

“அதானே” என்றார் வெர்லின்.

கார் திரும்பி வந்தது. க்ராஃப்ட் முகமெல்லாம் பல்லாக இறங்கினார்.

“பெரியவரே, எண்பதைத் தொட்டேன். டோனட் மேல இருந்த சீனி கூட உதிரலை.”

வெர்லின் ஓரடி முன்னால் வந்தார். “சரியாப் பாத்தீங்களா? இன்னொரு தடவை வேணா…”

“நாலு தடவை பாத்தாச்சு. விக்கிறவரே சந்தேகப்பட்டா வாங்குறவன் எங்க போறது? இந்தாங்க செக்.”

நான்தான் கெடுத்தேன் என்று சொல்லலாமென்றால், எதுவும் கெட்டிருக்கவில்லை. கைக்கு வந்த செக்கைப் பிடித்தபடி நின்றார் வெர்லின். க்ராஃப்ட் ஓட்டிப்போன காரின் சிவப்பு விளக்கு வளைவில் ஒருமுறை எரிந்து மறைந்தது.

திரும்பிப் பார்த்தால் நடீன் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

“எதுக்கு அழற? அரிசோனா போகணும்னு நீதானே…”

“அந்த வெயில் எனக்கு எதுக்கு? இனிமே உன் முதுகு தாங்காது, நீயா வாயைத் திறந்து சொல்லவும் மாட்டேன்னுதான் விக்கலாம்னு நான் முந்திக்கிட்டேன்.”

வெர்லின் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். “எனக்கு விக்கவே மனசில்லை, நடீன். நடுங்கட்டும்னு நேத்துதான் கியர் பாக்ஸைத் தாழ்த்தி வெச்சேன். எப்படி நடுங்காமப் போச்சுன்னு புரியலை.”

நடீன் துடைப்பதை நிறுத்தினாள். பிளாஸ்திரி போட்ட விரலைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள்.

“எத்தனை டிகிரி?”

“ரெண்டு.”

“நடுங்கட்டும்னு காலையில நான் ஆப்பு சொருகிப் பின் அச்சை நிமித்தி வெச்சதும் ரெண்டுதான்.”