குளிசை செய்த வேலை

ஸ்ரெல்லாவின் கன்னத்தில் நான்கு விரல்களும் பதிந்திருந்தன. டொக்டர் அதைப் பார்த்தார். பிறகு அவளுடைய கணவன் எமில்ராஜைப் பார்த்தார்.

“ஒரு மாதமாச் சும்மா சும்மா சீறி விழுறார், டொக்டர். நேற்றுச் சொதிக்கு உப்புக் குறைஞ்சுதெண்டு அடிச்சிட்டார்.”

“மூச்சு முட்டுற வருத்தத்துக்கு நான் குடுத்தது ஸ்டீரொய்ட் குளிசை. சிலருக்கு அது மூளையைக் குழப்பிக் கோபத்தைக் கிளப்பும். மாத்துவம். ஆனா இன்னும் ஏன் மூச்சு இழுக்குதெண்டுதான் விளங்கேல்லை.”

வெளியே வந்ததும் ஸ்ரெல்லா அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். “குளிசை செய்த வேலைக்கு நான் உங்களைப் பொல்லாதவர் எண்டு நினைச்சிட்டன். மன்னியுங்கோ.”

எமில்ராஜ் தலை நிமிரவில்லை. முகம் ஊதிவிடும் என்று பயந்து, தினமும் அவள் எடுத்துத் தந்த குளிசையை அவன் வேலிக்கரையில் துப்பியிருந்தான். ஒன்றைக்கூட விழுங்கியதில்லை.