நானே ருசி பார்த்தது

மருமகள் கரண்டியை வாயில் வைக்கும்வரை மாமியார் மூச்சுகூட விடவில்லை. கதவோரமாக நின்று, அந்தப் பெண்ணின் தொண்டை ஏறி இறங்குவதையே பார்த்துக்கொண்டிருந்தார். விஷம் வைத்தவள்கூட இத்தனை பதறியிருக்க மாட்டாள்.

மருமகள் கண்ணை மூடினாள். புருவத்தைச் சுருக்கி, மாமியாரை ஒரு தரம் நிமிர்ந்து பார்த்தாள். "உப்பு ஒரு சிட்டிகை தூக்கலா இருக்கு அத்தை."

"அதானே, நானும் அதைத்தான் நெனச்சேன்," என்று தலையாட்டிவிட்டு, அளவைத் திருத்தி எழுத உட்கார்ந்தார் மாமியார். நெஞ்சு குறுகுறுத்தது. நினைத்தாராம், நினைத்தார்! அவருக்கு அந்தத் தக்காளி சூப்பும் வெந்நீரும் ஒன்றுதான்.

சமையல் புத்தகம் எழுதுகிறவருக்கு இதைவிட என்ன கேவலம் வேண்டும்? மழைக்காலத்தில் வந்த காய்ச்சல் வீட்டையே சுருட்டிப் போட்டது. மகனுக்குக் கப்பலில் வேலை, ஊரிலேயே இல்லை. மாமியாரும் மருமகளும் ஆளுக்கொரு கட்டிலில் கிடந்து, ஒருவருக்கொருவர் கஞ்சி ஊற்றிக் கொடுத்துத் தேறி எழுந்தார்கள். போகிற காய்ச்சல் சும்மா போகாமல் மாமியாரின் மூக்கையும் நாக்கையும் கூடவே கூட்டிக்கொண்டு போய்விட்டது. வரும் வரும் என்று பார்த்தார், வந்தபாடில்லை.

வெளியே சொல்ல முடியுமா? அவருடைய எல்லாப் புத்தகங்களின் அட்டையிலும் சிவப்பு எழுத்தில் ஒரு வரி இருக்கும்: 'ஒவ்வொன்றும் நானே சமைத்து, நானே ருசி பார்த்தது.' அந்த ஒரு வரியை நம்பித்தான் புதுசாகக் குடித்தனம் போகிற பெண்கள் அடுப்பையே பற்றவைக்கிறார்கள். புதுப் புத்தகமோ பாதியில் நின்றது.

அதனால்தான் மருமகளைக் கூப்பிட்டார். நாக்கைப் பழக்கிக்கொண்டால் நாளைக்கு உதவும் என்று பெரிய மனுஷியாட்டம் சொல்லிக் கரண்டியை நீட்டினார். கல்யாணமாகி வந்து வருஷம் திரும்பாத பெண், மாமியார் சொல்லைத் தட்டுவாளா? புளிப்பு கம்மி, காரம் போதும், இன்னும் கொஞ்சம் வேகட்டும் என்று ஒவ்வொன்றுக்கும் கணக்காகச் சொல்லிக்கொண்டே வந்தாள். இவரும் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டிக்கொண்டே வந்தார். ராத்திரி படுத்தால்தான், அடுத்தவள் நாக்கைத் திருடிப் பிழைக்கிறோமே என்று மனசு அரித்தது.

நடுவில் ஒருநாள், அடுப்பில் வைத்த பால் பொங்கிச் சுண்டிப் பாத்திரமே கருகிவிட்டது. தெருவே நாறுகிறதே, இரண்டு பேரும் தூங்கிவிட்டீர்களா என்று பக்கத்து வீட்டுக்காரி ஓடிவந்து கதவைத் தட்டிய பிறகுதான் விஷயமே தெரிந்தது. அடுப்படி வாசலிலேயே போனும் கையுமாக உட்கார்ந்திருந்தாள் மருமகள்.

"போனை எடுத்தா உனக்கு உலகமே மறந்துடும்," என்று மாமியார் பிடிபிடியென்று பிடித்தார். அவள் பாத்திரத்தைத் தேய்த்தாள். தன் மூக்கு செத்ததற்கு அந்தப் பெண்ணையா திட்டினோம் என்று அன்றைக்கு மாமியாருக்குச் சோறு இறங்கவில்லை. இறங்கியிருந்தாலும் ருசி தெரிந்திருக்காது, அது வேறு விஷயம்.

சூப்தான் கடைசிக் குறிப்பு. புத்தகம் அச்சுக்குப் போயிற்று. ஒருநாள் காலையில் பதிப்பாளர் போன் செய்தார். உள்பக்கமெல்லாம் அச்சடித்து முடித்தாகிவிட்டதாம், அட்டை மட்டும்தான் பாக்கியாம். அந்தச் சிவப்பு வரியை இந்தத் தடவை இன்னும் பெரிசாகப் போடலாமா என்று உற்சாகமாகக் கேட்டார்.

எதிரில் மருமகள் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். எத்தனை பாத்திரம், எத்தனை கரண்டி, ஒருநாளாவது முகம் சுளித்திருப்பாளா? இனிமேலும் மறைத்தால் தான் மனுஷியே இல்லை என்று தோன்றியது.

"அந்த வரியே வேண்டாம் தம்பி," என்றார். "என் நாக்கு செத்துப் பல மாசமாச்சு. அந்தக் காய்ச்சலோட போயிடுச்சு. புத்தகத்துல பாதிக்கு ருசி பார்த்தது என் மருமகதான். அவ பேரையும் என் பேருக்குப் பக்கத்துலயே போடுங்க."

பதிப்பாளர் சிரித்துவிட்டார். மாமியார் கை, மருமகள் நாக்கு என்றே அட்டையில் போட்டுவிடலாம், புத்தகம் பிய்த்துக்கொண்டு போகும் என்றார்.

போனை வைத்தபோது மாமியாருக்குத் தலையிலிருந்து ஒரு மூட்டையை இறக்கி வைத்தது போலிருந்தது. திரும்பினால், மருமகள் கத்தியைக் கீழே போட்டுவிட்டு அழுதுகொண்டிருந்தாள்.

"இதுக்கு எதுக்கும்மா அழறே? உனக்குச் சேர வேண்டிய பேருதானே," என்று பக்கத்தில் போய்த் தலையைத் தடவினார்.

"என் பேரைப் போட வேண்டாம் அத்தை. நான் உங்க முகத்தைப் பார்த்துப் பார்த்துத்தான் ஏதோ ஒண்ணு சொல்லுவேன். நீங்க தலையாட்டினதும், சரியாத்தான் சொல்லிட்டோம்னு நெனச்சுக்குவேன்."

மாமியாரின் கை அப்படியே நின்றது. "முகத்தைப் பார்த்தா? ஏன், உன் நாக்குக்கு என்ன?"

"எனக்கும் அதே காய்ச்சல்தானே அத்தை வந்துச்சு."