சிஸ்டர் போட்ட கூச்சல்

"யோவ் கம்பவுண்டர்! காது செவிடாய்யா? வலி உயிர் போகுது, முதல்ல என்னை வந்து பாருய்யா!"

சிஸ்டர் போட்ட கூச்சலில் வகுப்பறை அதிர்ந்தது. குண்டுமழைக்கு நடுவே காயம்பட்டவர்களை முதுகில் சுமந்து வந்தவள் என்று, போன மாதம்தான் தளபதியே அவள் சட்டையில் பதக்கம் குத்தினார். அதே சிஸ்டர் இப்போது கரும்பலகைக்குக் கீழே, மார்புவரை கம்பளியைப் போர்த்திக்கொண்டு ஊரைக் கூட்டிக்கொண்டிருந்தாள்.

பள்ளிக்கூடத்தில் நடந்துவந்த முதலுதவி முகாமில் பாதியைக் காலையில் விழுந்த குண்டு கொண்டுபோய்விட்டது. வைத்தியம் தெரிந்தவர்களில் முழுசாக மிஞ்சியவர் கம்பவுண்டர் ஒருவர்தான். ஐஸ்பெட்டியிலும் யாருக்கும் ஏற்றக்கூடிய ரத்தம் ஒரே ஒரு பைதான் மிஞ்சியிருந்தது. காயம்பட்டவர்களை ஏற்றிப்போக லாரி வர மதியமாகும்.

வாசலில் காவல் நின்ற சிப்பாய் முகம் சுளித்தான். "முழங்கையில ஒரு கீறல். அதுக்கா இந்தக் கத்து கத்துறாங்க? மெடல் வாங்கினவங்களாம், மெடல்!"

கம்பவுண்டருக்கும் கூச்சமாகத்தான் இருந்தது. மருந்துக்கடையிலிருந்து வந்த அவருக்கு இந்த வேலையைக் கற்றுக்கொடுத்தவளே அவள்தான். வயதில் மூத்தவர் என்று ஒரு நாளும் 'நீங்க' தவறியதில்லை. இன்று 'யோவ்' என்கிறாள்.

"அழுத பிள்ளை பால் குடிக்கும்கிறதெல்லாம் வீட்டோட சரி, கம்பவுண்டரே," என்பாள் அடிக்கடி. "இங்க அழாத பிள்ளைக்குத்தான் முதல் பால். கத்துறவன் தாங்குவான். சத்தமில்லாம கிடக்கிறவன்கிட்ட ஓடுங்க."

ஜன்னலோரம் சத்தமில்லாமல் கிடந்தவன் முகாம் டிரைவர். நிறைய ரத்தம் போய் உதடு வெளுத்துவிட்டது, நாடி விட்டுவிட்டு அடித்தது. கம்பவுண்டர் ரத்தப் பையைக் கையில் எடுத்தார். ஆனாலும் மனசு கேட்கவில்லை; சிஸ்டர் பக்கம் திரும்பினார்.

அவள் முகமெல்லாம் வியர்த்திருந்தது. அவர் நெருங்க நெருங்கக் கம்பளியை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"என்னய்யா அன்ன நடை நடக்கிறே? கை எரியுதுய்யா, ஓடி வாயேன்!" குரல் இன்னும் ஏறியது.

இவ்வளவு தெம்பாகத் திட்டுகிறவளுக்கு என்ன வந்துவிடப் போகிறது? கம்பவுண்டருக்குக் கோபம் வந்தது. "கொஞ்சம் பொறுங்க சிஸ்டர். எல்லாம் நீங்க சொல்லிக்கொடுத்ததுதான்," என்று சொல்லிவிட்டு டிரைவரிடம் போனார்.

ரத்தம் சொட்டுச் சொட்டாக ஏறியது. பை காலியாகும் நேரத்தில் டிரைவர் கண் திறந்து தண்ணீர் கேட்டான். கம்பவுண்டருக்குச் சந்தோஷத்தில் அழுகையே வந்துவிட்டது.

"அப்பாடா, அந்தம்மா வாயும் ஓஞ்சுது," என்றான் சிப்பாய்.

கம்பவுண்டர் திடுக்கிட்டு ஓடினார். சிஸ்டரின் கை சில்லிட்டிருந்தது. கம்பளியை விலக்கினார். வயிற்றில் அவளே வைத்து அழுத்திய துணி, கீழே விரிப்பு, எல்லாம் ரத்தத்தில் ஊறிக் கிடந்தன.

"ஐயோ, கத்துறாங்களேன்னு விட்டுட்டேனே! பாவி நான், கொன்னுட்டேனே!" தலையில் அடித்துக்கொண்டார்.

பக்கத்தில் கால் முறிந்து கிடந்த சமையல்காரர் அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அழாதீங்கண்ணே. குண்டு விழுந்ததும் வயித்தைத் தொட்டுப் பாத்துட்டு, 'இது தேறாது'ன்னாங்க. யார்கிட்டயும் சொல்லக்கூடாதுன்னு எங்கிட்ட சத்தியம் வாங்கினாங்க. 'நான் சும்மா கிடந்தா, அந்த மனுஷன் இருக்கிற ரத்தத்தை எனக்கு ஏத்திடுவாரு'ன்னு சொல்லிட்டுத்தாண்ணே கத்தவே ஆரம்பிச்சாங்க."