தினமும் ஒரு புதுத் தப்பு

"இன்னாக்கா இது? நேத்து இத்த கரெக்டா பண்ணியே!" ஜுபைர் மவுஸை மேசையில் ஓங்கி வைத்தான்.

திரையில் ஒரே கண்டெய்னர் நான்கு லாரிகளில் ஏறியிருந்தது. லாரி எண்ணை வைத்துச் சேர்க்க வேண்டிய இரண்டு டேபிள்களை, சிவந்தி டிரைவர் பெயரை வைத்துச் சேர்த்திருந்தாள். அந்தத் திருவொற்றியூர் லாரி ஆபீஸில் அன்பரசன் என்ற பெயரில் மட்டும் நான்கு டிரைவர்கள்.

"பேரு நாலு பேருக்கு இருக்கும்கா. வண்டி நம்பரு ஒண்ணுக்குத்தான் இருக்கும். கொயந்தைக்குக் கூட புரியும் இது!"

"மறந்துட்டேன் நைனா."

"நேத்து ராத்திரி மூளைய கயட்டி வெச்சிட்டு தூங்கினியா?"

பக்கத்து மேசையில் யாரோ சிரித்தார்கள். சிவந்தி தலை நிமிரவில்லை.

எடைமேடையில் சீட்டு எழுதிக்கொண்டிருந்தவள் அவள். எடைமேடைக்கு மெஷின் வந்த பிறகு, ஆபீஸ் கம்ப்யூட்டரில் வண்டிக் கணக்கு வைக்கும் ஆக்சஸை ஜுபைரிடம் கற்றுக்கொண்டால் வேலை உண்டு, இல்லையென்றால் வீட்டுக்குப் போகலாம் என்று மேனேஜர் திருமலை சொல்லிவிட்டார். வீட்டில் இரண்டு பெண் பிள்ளைகள். சம்பாதிக்கிற ஆள் அவள் ஒருத்திதான்.

இன்று மாலை திருமலை சோதித்துப் பார்க்கப் போகிறார்.

ஜுபைரின் போன் அடித்தது. நாகூரில் தாய் வீட்டில் இருக்கும் அவன் மனைவி அஜீசா. அவளுக்கு நிறை மாதம்.

"அழாத. எல்லாம் இன்னிக்கு முடிஞ்சிடும்" என்றான். வைத்துவிட்டு மறுபடி சிவந்தியின் பக்கம் திரும்பினான். "சாயங்காலம் என் மானத்த வாங்காதக்கா. உன் கால்ல வுயறேன்."

மாலையில் திருமலை வந்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"நேத்து ஹார்பருக்குப் போன வண்டிங்களை மட்டும் எடுத்துக் காட்டுங்கம்மா."

சிவந்தி நிதானமாகத் தட்டினாள். தேதியைப் போட வேண்டிய கட்டத்தைக் காலியாக விட்டு ஓட்டினாள். இந்த வருஷம் ஹார்பருக்குப் போன வண்டிகளெல்லாம் வந்து நின்றன.

"இவ்வளவு நாள் இதைத்தான் கத்துக்கிட்டீங்களா? நாளையிலேந்து வர வேணாம்." திருமலை எழுந்தார். "ஜுபைர், மாதவரம் ஆபீஸ்லேந்து ஒரு பொண்ணை வரச் சொல்றேன். அதுக்கு முதல்லேந்து நீதான் சொல்லித் தரணும். அது தேறுற வரைக்கும் நீ இங்கதான்."

ஜுபைர் நாற்காலியை எட்டி உதைத்தான். அது சுவரில் மோதிக் கவிழ்ந்தது.

சிவந்தி சாப்பாட்டுப் பையை எடுத்துக்கொண்டு வெளியே நடந்தாள். அவள் முகத்தில் அழுகை இல்லை. டிரெய்லர்கள் வரிசையாக நின்ற கேட்டருகே அவன் ஓடி வந்து மறித்தான்.

"நில்லுக்கா. தெரியாதவங்க ஒரே தப்பத்தான் திரும்பத் திரும்ப பண்ணுவாங்க. நீ டெய்லி ஒரு புதுத் தப்பு பண்றே. நேத்து பண்ண தப்பு இன்னிக்கு வர்றதே இல்ல. யார ஏமாத்துறே?"

"வுடு நைனா, போறேன்."

"சொல்லிட்டுப் போ! உனுக்கு எல்லாம் தெரியும். தெரிஞ்சேதான் கெடுத்தே!"

"ஆமா, தெரியும்!" அவளும் கத்தினாள். "இப்ப இன்னான்ற? 'அந்தம்மா தேறிட்டா அன்னியோட ஜுபைர் இங்க இருக்க மாட்டான்'னு மேனேஜரு போன்ல யார்கிட்டயோ சொன்னத என் காதால கேட்டேன். கத்துக் குடுத்தவன் வேலைய புடுங்கிகினு நான் குந்தணுமா? நெறமாசப் பொண்டாட்டிய வெச்சிகினு நீ எங்க போய் நிப்பே?"

"அக்கா…"

"எனுக்குக் கையி காலு கீது. மீன் கம்பெனில ஐஸு ஒடச்சாவது பொயச்சிக்குவேன். நீ போய் வேலையப் பாரு."

ஜுபைர் கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டான்.

"நாகூர்ல எனுக்கு வேற வேல கெடச்சிடுச்சி. ராஜினாமா குடுத்ததே நான்தான்கா."