மஞ்சள் பால்

“அந்தச் சர்க்கரைத் தண்ணியை அப்படியே கீழ வைங்க, ஹாஜியம்மா. பிள்ளை வாயில மொதல்ல படவேண்டியது தாய்ப்பால்தான்.”

பத்தூல் சத்தம் போடாமல்தான் சொன்னாள். ஆனாலும் அறையில் இருந்த பெண்கள் அத்தனை பேரும் பேச்சை நிறுத்திவிட்டார்கள். கிண்ணத்தோடு கட்டிலை நெருங்கிய ஹாஜியம்மா கல்தூமா, பேரனைப் பார்த்த சந்தோஷமெல்லாம் வடிந்துபோய் அவளை முறைத்தாள்.

மூலையில் உட்கார்ந்திருந்த நர்ஸ் நிமாத்துக்கு உள்ளுக்குள் ஒரே குஷி. வெள்ளை நைல் கரையோரம் ஊர் ஊராகப் போய்ப் பெண்களைப் பொறுக்கியெடுத்து, பிரசவம் பார்க்கவும் பிறந்த கையோடு தாய்ப்பால் கொடுக்க வைக்கவும் டவுனில் பழக்கியவள் அவள்தான். மற்றவர்கள் மாமியார் கதையும் நாத்தனார் கதையும் பேசிச் சிரிக்கும்போது, பத்தூல் மட்டும் பாடத்தில் சந்தேகம் கேட்டுக்கொண்டிருப்பாள். பயிற்சி முடித்து மருத்துவப் பெட்டி வாங்கிய பிறகு அவள் தனியாகப் பார்க்கும் முதல் பிரசவம் இது. சேதி கேட்டதும் கழுதை வண்டி பிடித்து நேரே இங்கே வந்துவிட்டாள் நிமாத். என்ன நடந்தாலும் குறுக்கே பேசக் கூடாது என்று தனக்குத்தானே கட்டளையும் போட்டுக்கொண்டாள்.

அந்தக் கட்டளையைக் காப்பாற்றுவதுதான் பெரும்பாடாக இருந்தது. அந்த வீட்டுப் பெண்கள் பத்தூலைக் கண்கொத்திப் பாம்பாகக் கவனித்தார்கள். அவள் கை கழுவினால் தண்ணீரை எட்டிப் பார்த்தார்கள். தொப்புள் கொடியைக் கட்டினால் மூன்று தலைகள் குனிந்தன. பிள்ளை பெற்ற இக்லாஸுக்கு அவள் காய்ச்சிக் கொடுத்த வெந்தயக் கஞ்சியை ஹாஜியம்மா வாங்கி, தான் ஒரு வாய் குடித்துப் பார்த்து, கொஞ்ச நேரம் பொறுத்துத்தான் மருமகளிடம் நீட்டினாள். எந்த ஊருக்குப் போனாலும் மாமியார்களுக்கு உப்புப் பார்க்கிற புத்தி போகாது என்று நிமாத் சிரித்துக்கொண்டாள்.

குழந்தை மார்பைப் பிடிக்கவில்லை. முகத்தைத் திருப்பித் திருப்பி வீறிட்டது. முதலில் சுரக்கும் மஞ்சள் பால் கெட்டது, அதை மண்ணில் பீய்ச்சிவிட்டு, நல்ல பால் ஊறும்வரை சர்க்கரைத் தண்ணீர்தான் கொடுக்க வேண்டும் என்று பெண்கள் மறுபடியும் ஆரம்பித்தார்கள்.

“பிள்ளையைப் பட்டினி போடச் சொல்றா. அதுவும் இவ சொல்றா,” என்றாள் பக்கத்து வீட்டுக்காரி. “கேட்டுக்கிட்டு நாமளும் மரம் மாதிரி நிக்கிறோம்.”

புதுசாகத் தொழிலுக்கு வருகிறவளை யார்தான் சட்டென்று நம்புவார்கள்? ஆரம்பத்தில் தானும் இதே ஏச்சை வாங்கியவள் என்பதால் நிமாத் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

இக்லாஸ்தான் வாய் திறந்தாள். “நீங்க எல்லாரும் சும்மா இருங்க. அக்கா சொல்றபடிதான் நான் செய்வேன்.” வலி எடுத்த நேரத்திலும் இப்படித்தானாம், பத்தூல் அக்காவைத் தவிர வேறு யாரையும் பக்கத்தில் விடமாட்டேன் என்று ஒற்றைக்காலில் நின்றாளாம்.

பத்தூல் கயிற்றுக் கட்டிலில் ஏறி இக்லாஸின் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்தாள். அவளைத் தன்மேல் சாய்த்துக்கொண்டு, துணியை விலக்கி, குழந்தையைத் தாயின் வெறும் மார்பின்மேல் படுக்க வைத்தாள். அப்புறம் ஹாஜியம்மாவை நிமிர்ந்து பார்த்தாள்.

“நீங்க கெட்டதுன்னு சொல்ற இந்த மஞ்சப் பால்தான் பிள்ளைக்கு மொதல் மருந்து. இவனுக்கு ஒண்ணுன்னா இந்தப் பெட்டியை நானே நைல்ல வீசிடறேன். அப்புறம் ஊர் என்னை என்ன சொன்னாலும் கேட்டுக்கறேன்.”

ஹாஜியம்மா கிண்ணத்தைக் கீழே வைக்கவில்லை.

பத்தூல் அவசரப்படவில்லை. குழந்தையின் முதுகைத் தடவிக் கொடுத்தாள். ஒரு சொட்டுப் பாலை அதன் உதட்டில் தடவச் சொன்னாள். இக்லாஸ் அழுதபோது அவள் காதோரம் ஏதோ சொல்லிச் சிரிக்க வைத்தாள். கொஞ்சம் கொஞ்சமாகக் குழந்தையின் வீறல் சிணுங்கலாகி, அதுவும் அடங்கியது. சின்ன வாய் அகலத் திறந்தது. மார்பைக் கவ்வியது. மளக் மளக்கென்று அது விழுங்கும் சத்தம் அந்த அறையில் இருந்த எல்லோருக்கும் கேட்டது.

முதலில் குலவையிட்டது பக்கத்து வீட்டுக்காரிதான். ஹாஜியம்மா கண்ணைத் துடைத்தாள். கையிலிருந்த சர்க்கரைத் தண்ணீரை என்ன செய்வதென்று தெரியாமல் தானே மடமடவென்று குடித்துவிட்டாள்.

“இனிமே இந்த ஊர்ல யாருக்கு வலி வந்தாலும் இவதான் பார்க்கணும்,” என்றாள். சொல்லிவிட்டு எல்லோர் முன்னாலும் பத்தூலின் தோளில் கை வைத்தாள். பத்தூலின் உதடு அப்போதுதான் முதல் தடவையாக நடுங்கியது.

நிமாத்துக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. இப்படி ஒருத்தியைத் தயார் செய்ததற்காகவே தனக்கு ஒரு குலவை போடலாம் போலிருந்தது.

இருவரும் வெளியே வந்தார்கள். வாசலில் குழந்தையின் தகப்பன் பேரீச்சம்பழத் தட்டோடு நின்றிருந்தான். ஆண் பிள்ளை, தாயும் சேயும் சுகம் என்று பத்தூல் அவனிடம் ஒரே மூச்சில் சொல்லிவிட்டு நகர்ந்தாள். அவனால் அவள் முகத்தை நிமிர்ந்து பார்க்கவே முடியவில்லை. புதுத் தகப்பனுக்கு வெட்கம் போலிருக்கிறது என்று நினைத்தபடி நிமாத் கழுதை வண்டியில் ஏறினாள்.

“நீயும் ஏறு பத்தூல், களைச்சுப் போயிருக்கே. போற வழியில உன்னை வீட்டுல விட்டுட்டுப் போறேன்.”

“வண்டி எதுக்கு நர்சம்மா? என் வீடு இதுதான்,” என்றாள் பத்தூல். “அதோ தட்டோட நிக்கிறாரே, அவருக்கு மூத்த பெண்டாட்டி நான்.”